குழு நோட்டை ஏன் விட்டுவிட்டாய்?

கேள்வி:

வணக்கம் மேடம். பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம் என்னுடையது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா கடல்பாசி எடுக்கிறார். 2022 முதல் 2025 வரை ராமநாதபுரத்தில் பி.காம். படித்தேன். முதல் இரண்டு வருடம் என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தேன். ஏழு நாள் கேம்ப்பில் நானும் இன்னொரு பெண்ணும் சாப்பாட்டுக் கணக்கு பார்த்தோம். ஒரு சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறைப் பொரிப்பகத்துக்காக ஆமை முட்டை சேகரிக்கிறவர்களோடு போனேன். மூன்றாம் வருடம், ஐந்தாம் செமஸ்டரில், தமிழ் மன்ற நாடகத்தில் நடித்தேன். ஒத்திகைக்காக வகுப்புகளை விட்டேன். அந்த செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்தது. அடுத்த முறை எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். மொத்தம் 61 சதவீதம்.

இரண்டு இன்டர்வியூ போய் இரண்டும் கிடைக்கவில்லை. ஒன்றில், "என்.எஸ்.எஸ்.ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். கேம்ப் போனோம், சுத்தம் செய்தோம், மரம் நட்டோம் என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. எதிலும் சேராமல் படித்த என் தோழி 82 சதவீதம் வாங்கி வேலைக்குப் போய்விட்டாள். "மூணு வருசமா ஊர் சுத்தி என்னத்தக் கண்ட?" என்று மாமா கேட்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதையெல்லாம் ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடட்டுமா? இந்த வருடம் கல்லூரியில் சேரும் தங்கையிடம், எதிலும் சேராதே என்று சொல்லட்டுமா? வீட்டில் அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை பிளஸ் டூவிலிருந்து எழுதி வருகிறேன். அதைத் தவிர வேறு எந்த அனுபவமும் இல்லை.

பதில்:

அன்பு மகளே,

என் மகளைவிட நீ சின்னவள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், தவறாக நினைக்காதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி வரிக்கு முந்தின வரி வரும்போதெல்லாம் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமாவின் கணக்கைப் பார்த்துவிடலாம், நீ பி.காம். படித்தவள்தானே.

என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் முறை. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். 240 மணி நேரத்தை எட்டு மணி நேர நாளாக வகுத்தால் முப்பது நாள். முகாமையும் சேர்த்தால் முப்பத்தேழு நாள். ஆமைக்குப் போன ஞாயிறுகளைப் பத்துப் பதினைந்து என்று வைத்துக்கொண்டாலும் மூன்று வருடத்தில் இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. மூன்று வருடமும் போச்சு என்று மாமா சொல்வது தப்புக் கணக்கு. அதை நீயும் கூட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொண்டுவிட்டாய்.

மாமா மேல் எனக்குக் கோபமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நீ செமஸ்டர் எழுதியதும் அடுத்த வருடத்துக் கட்டணம் கட்டியதும் அந்த வருமானமில்லாத நாட்களை ஒட்டித்தான் இருந்திருக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று மாமாவுக்குத் தெரியும். அவர் குரலில் இருப்பது பயம். அவரிடம் வாதம் செய்யாதே.

சரி, அரியருக்கு வருவோம். இதை நான் மழுப்பப் போவதில்லை. நாடக ஒத்திகைக்காக வகுப்பை விட்டது தவறுதான். அது ஐந்தாம் செமஸ்டர், நவம்பர் தேர்வு வாசலில் நிற்கிறது, காஸ்ட் அக்கவுண்டிங் கையால் போட்டுப் போட்டுப் பழக வேண்டிய பாடம். மேடை மேல் உனக்கு ஆசை இருந்தது, தப்பில்லை. தேதியைத்தான் நீ பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு தவறின் பழியை என்.எஸ்.எஸ். மேலும் ஆமை மேலும் சேர்த்துப் போடுகிறாய் பார், அதை நான் ஏற்கமாட்டேன். முதல் நான்கு செமஸ்டரும் அவற்றோடுதான் படித்தாய். அரியர் ஒன்றும் இல்லை.

இன்டர்வியூவில் அரியர் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும். "நாடகத்தில் இருந்ததால் வகுப்பை விட்டேன், என் தவறு. அடுத்த முறையே எழுதிப் பாஸ் செய்தேன்." அதோடு நிறுத்திவிடு. உடம்பு சரியில்லை, பேப்பர் கடினம், திருத்தியவர் சரியில்லை என்று நம் பிள்ளைகள் சொல்லும் எல்லாக் காரணமும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு மனப்பாடம். பதினொரு வருடம் ஒரு நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தவறை நேராகச் சொன்ன பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பல முறை டிக் போட்டிருக்கிறேன்.

இப்போது நீ திணறிய அந்தக் கேள்வி. "கேம்ப் போனோம், சுத்தம் செய்தோம், மரம் நட்டோம்." இதில் எத்தனை 'ஓம்' இருக்கிறது என்று எண்ணிப் பார். இந்தப் பதிலை நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். கேட்பவருக்கு அதில் ஆள் தெரியாது, கும்பல்தான் தெரியும். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே ஒன்று: நீ இல்லாமல் போயிருந்தால் அங்கே என்ன நின்றுபோயிருக்கும்?

உன் கேம்ப்பை எடுத்துக்கொள். வழக்கமாக ஒரு முகாமுக்கு ஐம்பது மாணவர் வருவார்கள். மூன்று வேளை, ஏழு நாள். ஐம்பதை மூன்றால் பெருக்கி ஏழால் பெருக்கு: 1,050 சாப்பாடு. அதன் கணக்கை இரண்டு பெண்கள் பார்த்திருக்கிறீர்கள். பத்தொன்பது வயதில்! அரிசி எத்தனை கிலோ வாங்கினீர்கள்? நம் கரையில் நல்ல தண்ணீர் குடம் கணக்கில் விலைக்கு வரும். அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? காய்கறி எந்தச் சந்தையில் வாங்கினீர்கள்? ஒரு நாள் ஆள் கூடுதலாக வந்தபோது என்ன செய்தீர்கள்? மீதிப் பணத்தையும் பில்லையும் யாரிடம் ஒப்படைத்தீர்கள்? இவற்றில் ஒன்றுகூட உன் பதிலில் இல்லை. பி.காம். படித்த பெண்ணிடம் இதைவிட நல்ல கதை வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இராமேசுவரத்துப் பிள்ளை என்பதால் கலாம் ஐயா கதை கேட்டே வளர்ந்திருப்பாய். பேப்பர் போட்டது, ராக்கெட் விட்டது எல்லாம் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத இரண்டு சின்ன விஷயங்களைச் சொல்கிறேன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் இருந்தபோது அவர் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரித் தலைமைப் பாதிரியாரை அழைத்து விருந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்கும்போது, அங்கிருந்த தமிழ்ச் சங்கம் கட்டுரைப் போட்டி நடத்தியது. நம்முடைய விமானத்தை நாமே செய்வோம் என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசைக் கொடுத்தவர் அப்போது ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த தேவன். எத்தனையோ வருடம் கழித்துத் தன் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்தபோது மெஸ் வேலையையும் அந்தக் கட்டுரையையும் அவர் விட்டுவிடவில்லை. உனக்கு நடந்தது இப்போதுதான். இப்போதே விட்டுவிட நினைக்கிறாய்.

ஆமை விஷயத்தில் உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை. நான் தொண்டியில் வளர்ந்தவள். கல்லூரியில் எந்தக் கூட்டமும் மாலை நான்கு மணிக்குத்தான் தொடங்கும். எங்கள் ஊர் பஸ் நாலேகாலுக்குக் கிளம்பிவிடும். மூன்று வருடமும் நான் பஸ்ஸுக்கு ஓடியவள், ஒரு மன்றத்திலும் என் பெயர் கிடையாது. நீயும் வசதியாகப் போய்வந்தவள் இல்லை. நீ சேர்ந்த வருடம் டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றுபோனது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. ஆக உன் கல்லூரிக் காலம் ஏறக்குறைய முழுவதும் பஸ்தான். அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து மணலில் நடக்கப் போயிருக்கிறாய். (இதைப் படிக்கும் பேராசிரியர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். மன்றக் கூட்டங்களை மதிய இடைவேளையில் வையுங்கள். மாலையில் வைத்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள், மண்டபத்துப் பிள்ளையும் தேவிபட்டினத்துப் பிள்ளையும் ஜன்னலோர சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே போவார்கள்.)

அந்த வேலையை நீ எப்படிச் சொல்ல வேண்டும் தெரியுமா? 'ஆமைப் பாதுகாப்பு விழிப்புணர்வில் பங்கேற்றேன்' என்று எழுதாதே. அப்படி எழுதினால் பேனர் பிடித்து போட்டோ எடுத்தவளுக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தக் காலைகளில் நடந்ததை அப்படியே சொல். பங்குனி ஆமை இரவில் கரையேறி முட்டையிட்டுப் போகும். விடிவதற்குள் நாயோ நரியோ தோண்டிவிடும். அதனால் தடத்தைப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடித்து, முட்டைகளை ஆட்டாமல் அசைக்காமல் எடுத்து, வனத்துறைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். ஆகவே எந்தக் கூடு, எந்தத் தேதி, எத்தனை முட்டை என்று எழுதி வைக்காவிட்டால் எதை எப்போது எதிர்பார்ப்பது என்றே தெரியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. ஒரு முட்டை எண்ணிக்கை தப்பினாலும் பதில் சொல்ல வேண்டிய வேலை. நீ நோட்டு எழுதினாயா, எண்ணிக் கொடுத்தாயா, இல்லை கூடவே நடந்தாயா? எதைச் செய்தாயோ அதை மட்டும் சொல். கூடவே நடந்தவள் என்றால் அதைச் சொல்வதிலும் வெட்கமில்லை. செய்யாததை மட்டும் சேர்க்காதே. அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

இப்படி ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுது. தேதி, இடம், உன் கையில் இருந்த பொறுப்பு, அதில் ஏற்பட்ட ஒரு சிக்கல், நீ என்ன செய்தாய். முதலில் தமிழில் எழுது, நம் பேச்சிலேயே எழுது. நிறையப் பிள்ளைகள் நேரே ஆங்கிலத்தில் யோசிக்கப் போய், நடந்ததையே மறந்துவிடுகிறார்கள். தமிழில் கோவையாக வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாற்று. எழுதும்போதே உனக்குத் தெரிந்துவிடும், எதில் நீ வேலை செய்தாய், எதில் சும்மா நின்றாய் என்று. சும்மா நின்றவற்றை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடு. ஒருநாள் பேரணி, ஆன்லைன் குவிஸ் சர்டிபிகேட், உறுதிமொழி எடுத்தது எல்லாம் போகட்டும். கேம்ப்பும் ஆமையும் இருக்கட்டும். நாடகமும் இருக்கட்டும், ஒரே வரியில். அதைப் பற்றிக் கேட்டால் அரியரும் கூடவே வரும், தயாராகப் போ.

இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதினால் எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான், என்.எஸ்.எஸ். அங்கே செல்லாது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. அந்த எண்ணம் இருந்தால் அந்த வருட அறிவிப்பைப் படித்துப் பார். எப்படியிருந்தாலும் உன் என்.எஸ்.எஸ். சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று உடனே பார். டி.சி. வாங்கும் அவசரத்தில் அதைக் கல்லூரி அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

"வீட்டில் அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை பிளஸ் டூவிலிருந்து எழுதி வருகிறேன். அதைத் தவிர வேறு எந்த அனுபவமும் இல்லை."

எப்படியம்மா இப்படி எழுத மனது வந்தது? ஒரு குழுவில் பன்னிரண்டிலிருந்து இருபது பேர்வரை இருப்பார்கள். மாதாமாதம் சேமிப்பு, உள்கடன், அதற்கு வட்டி, திரும்பக் கட்டியது, வங்கியில் போட்டது, கூட்டத்தின் தீர்மானம் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். பாசி நன்றாகக் கிடைத்த மாதம் கடனை அடைப்பார்கள். காற்று மாறிக் கடல் கலங்கிக் கிடக்கும் மாதம் சந்தாவே வராது. தடைக்காலத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கடன் தேவைப்படும், பெட்டியிலோ பணம் இருக்காது. அதையெல்லாம் எழுதி, கூட்டி, வட்டி போட்டு, "உன் பாக்கி இவ்வளவு அத்தை" என்று உன்னைவிட முப்பது வயது மூத்தவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லி, அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிளஸ் டூவிலிருந்து என்றால் கல்லூரி மூன்று வருடமும் சேர்த்து நாலு வருடத்துக்குக் குறையாது. அந்த நோட்டு தப்பாக இருந்திருந்தால் குழு என்றோ உடைந்திருக்கும், உன் அம்மா தெருவில் தலைகாட்டியிருக்க முடியாது.

கல்லூரியின் 'பாடத்துக்கு அப்பால்' என்ற கட்டத்துக்குள் வீட்டில் செய்தது வராது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே நீயாகவும் நினைத்திருக்கலாம். பதக்கமும் போட்டோவும் இல்லாததால் அது உன் கண்ணில் படவில்லை. எனக்கு இது மனசு வலிக்கிற விஷயம். நம் கரையில் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் மாலையில் மீன் தரம் பிரித்து, கருவாடு காயப்போட்டு, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் படித்தவர்கள். மன்றத்தில் சேர அவர்களுக்கு நேரம் இருந்ததே இல்லை. ரெஸ்யூமில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்து என் முன்னால் தலைகுனிந்து உட்காருவார்கள். அரைமணி நேரம் பேச வைத்தால் பத்து வேலைக்கான பயிற்சி அவர்கள் வாயிலிருந்து வரும். நான் மன்றத்தில் இல்லாதவள் என்பதாலோ என்னவோ, அவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் ரெஸ்யூமில் முதல் வரியாகவே அதைப் போடு. 'மகளிர் சுய உதவிக் குழு, கணக்கு எழுதுதல்.' எந்த வருடம் முதல், எத்தனை உறுப்பினர், மாதம் ஏறத்தாழ எவ்வளவு தொகை கைமாறும் என்று மூன்று எண்ணையும் எழுது. சரியான எண்ணாக இருக்கட்டும், கூட்டிப் போடாதே. அதற்கு அடுத்த வரியில் கேம்ப் சாப்பாட்டுக் கணக்கு. அதற்கடுத்து ஆமை நோட்டு, நீதான் எழுதினாய் என்றால். இந்த மூன்றையும் சேர்த்துப் படி. கணக்கு எழுதுவதைப் பிடித்துச் செய்கிற ஒரு பெண் தெரிகிறாளா இல்லையா? தோழிக்கு 82 சதவீதம் இருக்கிறது, அவள் உழைத்து வாங்கியது, அவள் நன்றாக இருக்கட்டும். ஆனால் கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் நான் இருந்தால் உன்னிடம்தான் அதிக நேரம் பேசுவேன். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி தெரியாவிட்டால் மட்டும் உடனே கற்றுக்கொள், இந்த வேலைக்கு அதைக் கேட்காத இடம் குறைவு.

தங்கைக்கு என்ன சொல்வது என்று கேட்டாய். எதிலும் சேராதே என்று சொல்லாதே. எல்லாவற்றிலும் சேர் என்றும் சொல்லாதே. முதல் செமஸ்டர் முடியட்டும், பாடம் பிடிபடட்டும். அப்புறம் ஏதாவது ஒன்றில் சேரட்டும். அதில் அவளுக்கென்று ஒரு வேலை கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுச் சேரட்டும். நின்று கைதட்டுவதற்கு மட்டும் கூப்பிட்டால் வேண்டாம், பஸ் பிடித்து வீட்டுக்கு வரட்டும். தேர்வுக்கு முந்தின மாதத்தில் ஒத்திகை என்று யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. இதை நீ சொன்னால்தான் கேட்பாள், உனக்குத்தான் அது நடந்திருக்கிறது. ஒவ்வொரு வேலை முடிந்த அன்றும் நாலு வரி டைரியில் எழுதச் சொல். நீ இன்று உட்கார்ந்து கஷ்டப்பட்டு ஞாபகப்படுத்துவதை அவள் படித்தே சொல்லிவிடுவாள்.

அப்புறம், அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது குழு நோட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போ. உறுப்பினர் பெயர்களைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு நகல் எடு. அது பன்னிரண்டு, பதினைந்து குடும்பங்களின் கடன் விவரம், உன் சொத்து இல்லை. அதனால் முதலில் குழுவின் ஊக்குநரிடம் கேள், கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு எடு. எதற்கு என்று அத்தைமார்கள் கேட்பார்கள். சொல்லு. அந்தக் கூட்டத்துக்கு முடிந்தால் மாமாவையும் வரச் சொல்.